சாப்பிட்ட பிறகு சொல்லுவம்

எங்கள் வீட்டில் கெட்ட செய்தி எதையும் வெறும் வயிற்றில் இருப்பவரிடம் சொல்லமாட்டார்கள். யார் செத்தாலும், யாருடைய கலியாணம் குழம்பினாலும், முதலில் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் சோறு வரும். சோறு இறங்கிய பிறகுதான் செய்தி வரும். யாராவது கொஞ்சம் அன்பாக அந்தக் கேள்வியைக் கேட்டாலே, யார் செத்தது என்றுதான் இன்றைக்கும் எனக்குக் கேட்கத் தோன்றும்.

அப்பா போனபோது நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசிச் சோதனை எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் அவர் போய்விட்டார். மத்தியானம் நான் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. "அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலாமல் இருக்கு, வா" என்று மட்டும் சொன்னார்கள். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு என்னைக் கூட்டிப்போக வந்த சித்தப்பா, நேரே வீட்டுக்குப் போகாமல் ஒரு கடைக்குள் கூட்டிப்போய் இடியப்பம் வாங்கித் தந்தார். நானும் பசியில் சாப்பிட்டேன். சொதி போதாது என்று இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். பிறகு சொன்னார். அந்தச் சொதிக்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

செத்தவீடு முடிந்ததும் அம்மாவிடம் சண்டை பிடித்தேன். என்னை என்ன சின்னப்பிள்ளை என்றா நினைத்தீர்கள், இனி என்னிடம் எதையாவது மறைத்தால் இந்த வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று கத்தினேன். அம்மா என் தலையில் கையை வைத்து, "சத்தியமா இனி மறைக்கமாட்டன், பிள்ளை" என்றார். நான் நம்பினேன்.

பிறகு நான் கலியாணம் செய்து வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவும் தங்கச்சியும் கொட்டாஞ்சேனையில் அதே பழைய வீட்டில் இருந்தார்கள். தங்கச்சிக்கு ஒருகொடவத்தையில் ஒரு கண்டெய்னர் யார்ட்டின் ஒபிஸில் வேலை. கொரோனாவில் நாடு முழுக்கப் பூட்டிக் கிடந்தாலும் துறைமுகச் சாமான் நகரத்தானே வேண்டும், அவள் பாஸ் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். நான் பள்ளிக்கூட டீச்சர். வீட்டிலிருந்தபடி போனில் படிப்பித்தேன். பாதிப் பிள்ளைகளிடம் சூமுக்கு டேட்டா இல்லை, அதனால் பாடத்தை வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்புவேன். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. திறந்து பார்த்தால் சரிக் குறிகள் நீலமாகும். ஆனால் குரலைப் போட்டுக் கேட்டால்தான் பக்கத்திலுள்ள சின்ன மைக் நீலமாகும். "டீச்சர், கேட்டேன்" என்று பொய் சொல்லும் பிள்ளைகளை அந்த மைக்கை வைத்துத்தான் பிடிப்பேன்.

கொரோனா வந்து இரண்டாவது வருஷம், ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்தியிருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் திவசம் வந்தது. காலையிலேயே வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் வாழைக்காய், பூசணிக்காய், முருங்கைக்காய் எல்லாம் வாங்கினேன். சந்தையில் ஊர்ச் சனம் முழுக்க நின்றது. எனக்கு முன்னால் நின்ற ஒரு மனுசி மாஸ்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பூசணிக்காய்க்கு மேலேயே இருமினாள். நான் அவளை முறைத்துவிட்டு அதே பூசணிக்காயில் ஒரு துண்டு வெட்டி வாங்கினேன். நேரம் போய்விட்டது, வேறு கடை தேட எனக்குப் பொறுமை இல்லை. அந்த மனுசியின் இருமலை நான் பிறகு எத்தனை நாள் கேட்டேன் என்று கணக்கில்லை.

கொட்டாஞ்சேனையில் அம்மா தலை முழுகி, ஈரக் கொண்டையோடு குசினியில் நின்றார். தங்கச்சி அறைக்குள் படுத்திருந்தாள். என்னடி என்று எட்டிப் பார்த்தேன்.

"ஒபிஸிலை சரியான வேலை, களைச்சுப்போனாள். விடு" என்றார் அம்மா.

அடுப்பில், தடிமன் காய்ச்சலுக்குக் குடிக்கும் மல்லித்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. யாருக்கு என்று கேட்டேன்.

"நாட்டிலை எல்லாரும்தான் குடிக்கினம். நீயும் ஒரு கப் குடி" என்று ஊற்றித் தந்தார். குடித்தேன்.

படையல் வைத்து, காகத்துக்குச் சோறு வைத்து, அம்மாவும் நானும் தங்கச்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இலையில் சாப்பிட்டோம். அம்மா எனக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டார். மோர்க் கறியை ஊற்றும்போது, "வடிவாச் சாப்பிடு, அப்பா பாத்துக்கொண்டிருக்கிறார்" என்றார். கை கழுவவும் என் கணவர் வீட்டிலிருந்து போன் எடுக்கவும் சரியாக இருந்தது. கொட்டாஞ்சேனையை மறுபடி பூட்டப் போகிறார்களாம், உடனே வெளிக்கிட்டு வாரும் என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அம்மா வாசல்வரை பின்னால் வந்தார். "பிள்ளை, நில்லன். ஒண்டு சொல்லவேணும்."

"போனிலை சொல்லுங்கோ அம்மா" என்று கத்திவிட்டு த்ரீவீலில் ஏறிவிட்டேன்.

புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு. சனிக்கிழமை எனக்கு மூச்சு எட்டாமல் போக, களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதே நாள் அம்மாவை அம்புலன்ஸ் வேறோர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. சுகாதாரப் பரிசோதகர் வந்து கொட்டாஞ்சேனை வீட்டுக் கேற்றில் தனிமைப்படுத்தல் கடதாசியை ஒட்டிவிட்டார். தங்கச்சியையும் பரிசோதித்தார்கள், பொசிட்டிவ். "எனக்கு ஒண்டுமில்லையக்கா, சும்மா காட்டுது" என்றாள் அவள்.

எனக்கு முதலில், அம்மாவுக்குப் பிறகு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். சந்தையிலிருந்து பூசணிக்காயோடு நான்தான் அதைக் கொண்டுபோய் அம்மாவின் இலைக்குப் பக்கத்தில் இருத்தியிருக்கிறேன். கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு இதையேதான் நினைத்தேன். நான் பிழைப்பதும் பிழைக்காததும் ஒரு பக்கம் கிடக்கட்டும், அம்மா வாயால் ஒரு சொல் வேண்டும். கோபமில்லை என்று ஒரு சொல்.

"அம்மாவுக்கு ஒக்சிஜன் மாஸ்க் போட்டிருக்கு, கதைக்க ஏலாது. ஆனா மெசேஜ் பாக்கிறா" என்று தங்கச்சி சொன்னாள். அதனால் தினமும் அம்மாவின் போனுக்குக் குரல் அனுப்பினேன். இருமலுக்கிடையில், என்ன சாப்பிட்டேன், பக்கத்துக் கட்டில்காரி எப்படிக் குறட்டை விடுகிறாள் என்றெல்லாம் சொன்னேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும், அல்லது கும்பிடும் கைகள் வரும். அம்மாவுக்கு எழுத்து அடிக்க வராது. அது போதும் எனக்கு.

ஆறாம் நாள் காலை, எனக்கு முன்னால் கிடந்த கட்டிலை வெறுமையாக்கிக் கழுவினார்கள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. போனை எடுத்து வாய்க்குக் கிட்ட வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா, நான்தான் உங்களுக்கு இதைக் கொண்டந்து தந்தனான். சந்தையிலை ஒரு மனுசி இருமினவள். நான் வேறை கடைக்குப் போயிருக்கலாம், போகேல்லை. என்னிலை கோபமே அம்மா?" இரண்டு நிமிஷக் குரலில் பாதி அழுகை.

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. ஒரு சிவப்பு இதயம்.

அன்றைக்குத்தான் கஞ்சியை முழுக்கக் குடித்தேன். நேர்ஸ் மிஸிக்கு அந்த இதயத்தைக் காட்டி, "மகே அம்மா", என் அம்மா, என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பெருமையடித்தேன். விரலில் மாட்டிய கருவியில் ஒக்சிஜன் எண் மெல்ல மெல்ல ஏறியது. மருந்தென்ன, இயந்திரமென்ன, அந்த இதயத்தால்தான் நான் எழும்பினேன் என்று கோயிலில் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணியிருப்பேன்.

பதினாலாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். என் கணவர் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார். மேசையில் கஞ்சி, பக்கத்தில் பொரித்த அப்பளம்.

"முதல்லை சாப்பிடும்" என்றார்.

"ஆர்?" என்று கேட்டேன்.

"சாப்பிடுமன் முதல்லை…"

"ஆரெண்டு சொல்லுங்கோ!"

"அம்மா" என்றார். "இண்டைக்கு ஒன்பது நாள்."

கஞ்சிக் கோப்பை எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. மனுசன் தன் போனை என்னிடம் தந்தார். குடும்ப வாட்ஸ்அப் குரூப் எங்களுக்கு ஒன்று இருந்தது. அம்மா போன அன்றே நான் இல்லாமல் இன்னொன்று தொடங்கியிருந்தார்கள். அதில் டொரொண்டோ, லண்டன், யாழ்ப்பாணம் எல்லாம் இருந்தது. எங்கள் ஃபிளாட்டின் மேல்மாடிக்காரி, என் தேங்காய் துருவியை இரவல் வாங்கிப் போய் இன்னும் தராதவள், அவளும் இருந்தாள். சித்தப்பா மட்டும் சுடலைக்குப் போய்த் தூரத்தில் நின்று பெட்டியைப் போனில் காட்டியிருந்தார். அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள், கும்பிட்டிருக்கிறார்கள். கீழே ஆளுக்காள், "மூத்தவளுக்கு இப்ப சொல்லவேண்டாம்", "ஓம், ஓம், சொல்லவேண்டாம்." அம்மாவின் வயிற்றில் முதலில் பிறந்தவள் நான். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

"மனம் குழம்பக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். நீர் தாங்கமாட்டீர் எண்டுதான்…" என்றார் அவர்.

"நான் தாங்குவனோ மாட்டனோ எண்டு தீர்ப்புச் சொல்ல உங்களை ஆர் கேட்டது? எல்லாரும் சேர்ந்து கூடிக் கூடிக் கதைச்சு என்ரை கழுத்தை அறுத்துப்போட்டியள்!" என்று கத்தினேன். இருமல் வந்து பாதியில் நிறுத்திவிட்டது. அவர் தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை.

பிறகுதான் நாளை எண்ணிப் பார்த்தேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போன ஐந்தாம் நாள் அம்மா போயிருக்கிறார். இதயம் வந்தது ஆறாம் நாள்.

தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அழவில்லை. "அம்மான்ரை போன் எங்கை?" என்று மட்டும் கேட்டேன்.

"இஞ்சைதான் அக்கா. அம்புலன்ஸ் வரேக்கை அந்தர அவசரத்திலை சார்ஜிலை விட்டிட்டுப் போட்டா."

கட்டைவிரல் அவளுடையது. கும்பிட்ட கைகள் அவளுடையவை. நான் போனை வைத்துவிட்டேன். மூன்று வாரம் அவளோடு கதைக்கவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் பழைய குரல்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சரிக் குறிகள் எல்லாம் நீலம். மைக் ஒன்றுகூட நீலமில்லை. ஊரார் பிள்ளைகளின் மைக்கைத் தேடித் தேடிப் பிடித்த எனக்கு, ஆஸ்பத்திரியில் கிடந்த பதினாலு நாளில் இதைப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் கேட்கவே இல்லை. கேட்காமலே என்னை மன்னித்திருக்கிறாள்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கேற்றில் கடதாசி கிழிந்து, ஒட்டிய பசை மட்டும் இருந்தது. ஐயர் வந்து செய்துவிட்டுப் போனார். வந்த இரண்டு மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தங்கச்சி எனக்கென்று ஒரு இலையைப் போட்டு அகப்பையில் சோறு எடுத்தாள். நான் போனை அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"இதைக் கேள்."

"வேண்டாம் அக்கா. உங்கட குரல்லை அம்மா எண்டு கூப்பிடுறதைக் கேக்க எனக்கு ஏலாமல் இருந்தது. அதுதான் ஒண்டையும் கேக்கேல்லை."

"அப்ப என்னெண்டு தெரிஞ்சு இதயம் போட்டனீ?"

"சுகமோ எண்டுதானே கேட்டிருப்பியள்…"

ஆறாம் நாள் குரலை நானே அமத்திப் போட்டுவிட்டேன். என் குரல் குசினி முழுக்க இரைத்து இரைத்து வந்தது. சந்தை, மனுசி, பூசணிக்காய், நான்தான் கொண்டந்து தந்தனான், கோபமே அம்மா. தங்கச்சி அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். முடியும்போது நிலத்தில் இருந்துவிட்டாள்.

"இவ்வளவு நாளும் நீங்கள் கொண்டந்ததெண்டோ நினைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

"பிறகு வேறை ஆர்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "திவசத்துக்கு ரெண்டு நாளைக்கு முன்னமே எனக்குத் தொண்டை நோ, காய்ச்சலும் காய்ஞ்சது. ஒபிஸிலை ரெண்டு பேருக்கு வந்திருந்தது. பயத்திலை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அடுப்பில் கொதித்த மல்லித்தண்ணி நினைவுக்கு வந்தது. "அம்மாவுக்குத் தெரியுமோ?"

தலையாட்டினாள். "அம்மாதான் சொல்லவேண்டாம் எண்டவா. சொன்னால் பிள்ளை அப்பான்ரை திவசச் சோறு சாப்பிடாமல் ஓடிடுவாள், சாப்பிட்ட பிறகு சொல்லுவம் எண்டவா. நீங்கள் கையைக் கழுவின கையோடை ஓடினீங்கள்."

நான் கொண்டு போகவில்லை. அந்த வீட்டிலிருந்துதான் கொண்டு வந்தேன். மல்லித்தண்ணியோடும், இரண்டாம் தரம் போட்ட சோற்றோடும், அம்மா கையாலேயே தந்து விட்டிருக்கிறார். புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அம்மா போன் எடுத்தவர். அழுதவர். "கவனம் பிள்ளை, கவனம்" என்றவர். அப்போதும் சொல்லவில்லை. யாரிடம் மன்னிப்புக் கேட்டு நான் அங்கே மூச்சுக்குத் திணறினேனோ, அவர் என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிய மனுசி. தங்கச்சியை நாலு அறை அறையலாம், கணவரைத் திட்டலாம், குரூப்பில் இருந்த அத்தனை பேரையும் கிழிக்கலாம். அம்மாவை நான் எங்கே போய்க் கேட்பது?

தங்கச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். இலையில் சோற்றைப் போட்டாள், பருப்பை ஊற்றினாள். அவளுக்கு அம்மாவின் கை.

"ரெண்டு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ அக்கா. அம்மான்ரை படையல்."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த வீட்டிலிருந்து சாப்பிடாமல் வெளியே வந்தேன்.