வாஷர் ஏறாத வண்டி

அந்த நகரத்தின் தீயணைப்புத் துறை மக்களுக்காகத் தொடங்கப்பட்டது என்று தலைமை அலுவலக வாசலில் ஒரு கல் சொல்கிறது. கல்லுக்கு வெட்கம் கிடையாது. குடிசைகள் எரிந்தபோதெல்லாம் நகரசபை இரங்கல் தீர்மானம் போட்டது; தலைவரின் பருத்திக் கிடங்கு எரிந்ததும் வண்டி வாங்கியது. துறைமுகம் தன் சரக்குகளுக்கென்று தனியாக ஒரு படை வைத்துக்கொண்டது. பிற்காலத்தில் இரண்டையும் ஒரே துறையாக இணைத்தார்கள். கொடி, சீருடை, சம்பளம் எல்லாம் இணைந்தன. குழாய்கள் மட்டும் இணையவில்லை. நகரத்துக் குழாய் முனையின் மரை வேறு, துறைமுகத்துக் குழாயின் மரை வேறு; ஒன்றில் மற்றொன்று திருகி ஏறாது. இதைத் துறைக்கு எடுத்துச் சொன்னது ஒரு மரக்கடைத் தீ.

அப்போது துறையின் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் இந்தக் கதையில் வரும் மகளுடைய அப்பா. ஒரு முனை நகரத்துக்கு, மறுமுனை துறைமுகத்துக்கு என்று பித்தளையில் இணைப்புத் துண்டுகள் கடைந்து கொடுத்தார். ஆண்டறிக்கை அதை 'நிர்வாக ஒருங்கிணைப்பு' என்று எழுதியது. இயக்குநருக்குப் பதக்கம் கிடைத்தது, அப்பாவுக்குப் பட்டப்பெயர். எந்தக் குழாயைப் பார்த்தாலும் "வாஷர் போட்டீங்களா?" என்று கேட்கிற மனிதரை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? கோபம் வந்தால் அம்மாகூட அவரை வாஷர் என்றுதான் அழைத்தாள்.

துறையில் மனிதர்கள் இரண்டு வகை: வண்டியில் போகிறவர்கள், வண்டியைப் போகவைக்கிறவர்கள். முன்னவர்களுக்குத் தொப்பி, பின்னவர்களுக்குக் கிரீஸ். பட்டறை ஆட்கள் ஓடும் வண்டியில் ஏறக் கூடாது என்பது விதி. நிற்கும் வண்டிக்கு அடியில் படுக்கலாம்; அதற்குத் தடையில்லை. ஓய்வு பெறும்வரை அப்பா அப்படியே படுத்து எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியபோது, "என்னை அந்த வண்டியில ஏத்தி அனுப்பும்மா. செத்தவனுக்கு என்ன விதி?" என்றார்.

விதி இருந்தது.

"வாஷர் சாரா? தங்கமான மனுஷர்," என்றார் தலைமை அலுவலகத்து சூப்பிரண்ட், அப்பா இறந்த காலையில் மகள் ஃபோன் செய்தபோது. "ஆனா வண்டி மரியாதை களப்பணி ஆளுங்களுக்குத்தான் மேடம். சார் தீயையே பார்த்ததில்லையே."

"அவர் கடைஞ்ச துண்டு இல்லேன்னா உங்க ஆளுங்க தீயைப் பார்த்துட்டு மட்டும்தான் வந்திருப்பாங்க."

"எழுதிக் கொடுங்க, மேலிடத்துக்கு அனுப்பறேன். ரெண்டு வாரத்துல பதில் வந்துடும்."

"அதுவரைக்கும் அப்பாவை என்ன பண்றது?"

"அது உங்க குடும்ப விஷயம் மேடம்."

வேலைக்குப் போகும் வழியில் துக்கத்துக்கு வந்திருந்த தீயணைப்பு வண்டி டிரைவர், அப்பாவின் கூட்டாளி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மரியாதைக்குத்தான்மா உத்தரவு வேணும். யாராவது கூப்பிட்டா வண்டி உத்தரவு கேக்காது. போன வாரம் மரத்துல ஏறின பூனைக்குப் போனோம்."

"பூனைக்கெல்லாம் போவீங்களா மாமா?"

"பூனை களப்பணியான்னு யாரும் கேக்கலையே."

அவர் பணிக்குக் கிளம்பிப் போனார். வீடு மூன்றாம் மாடி. அவள் கட்டடப் பொறியாளர். அரை அங்குலம் பிசகினால் கொத்தனாரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். தீயணைப்பு எண்ணை அழுத்தினாள். மாடிப்படித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது, உடலை இறக்க வண்டி வேண்டும் என்று அளவோடு சொன்னாள். திரும்பும். தாராளமாகவே திரும்பும். அவள் வாயிலிருந்து பொய்யான அளவு ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை.

வண்டி வந்தது. நிலைய அதிகாரி படிக்கட்டைப் பார்த்தார், ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவி செய்யும் ஆசை பொங்கியது.

"நல்லாத் திரும்புமே சார். எங்க வீட்டு பீரோவே இது வழியாத்தான்..."

"பீரோ வேற, வாஷர் அண்ணன் வேற," என்றார் அதிகாரி. "திரும்பாது. ஏணியை எடுங்கப்பா."

கயிறு கட்டி, பால்கனி வழியாக, கண்ணாடிச் சாமானை இறக்குவதுபோல் இறக்கினார்கள். வண்டியின் மேல்தட்டில், ஏணிக்குப் பக்கத்தில் அப்பாவைக் கிடத்தினார்கள். மகள் முன்னால் ஏறிக்கொண்டாள். நிலையத்துக்கு எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்று விதி எழுதியவர் எழுத மறந்துவிட்டார். டிரைவர் மயானத்துச் சாலையைப் பிடித்தார்.

பாதி வழியில் வயர்லெஸ் கரகரத்தது. பணி மாறிப் புது ஆள் உட்கார்ந்திருந்த கட்டுப்பாட்டு அறை.

"மீட்டது எத்தனை பேர்?"

"ஒருத்தர்," என்றார் அதிகாரி.

"எப்படி இருக்கார்?"

அதிகாரி மைக்கை அவளிடம் நீட்டினார்.

"வண்டியில வர்றார்," என்றாள்.

"சந்தோஷம்," என்றது கட்டுப்பாட்டு அறை.