எலி விழுந்த வீடு

சங்ககிரியில் பிளேக் பரவிய ஐப்பசி மாதம் அது. சேலத்துப் பாதிரியார் மாதம் ஒருமுறைதான் வருவார் என்பதால், கிறிஸ்தவர் தெரு முழுவதும் உபதேசியார் மதலைமுத்துவின் பொறுப்பில் இருந்தது. எலி செத்து விழுந்த வீட்டை விட்டு ஊருக்கு வெளியே போட்ட ஓலைக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும் என்று அவர் வீடு வீடாகச் சொன்னார். மழைக்குப் பயந்து பலர் எலியை ஒளித்துப் புதைத்தார்கள்.

"உங்கூட்டுல விழுந்தா நீங்க போவீங்களாக்கும்?" என்று அதே தெருவில் குடியிருந்த ஞானதாஸ் எல்லார் முன்னாலும் கேட்டான்.

அந்த வாரமே மதலைமுத்துவின் வீட்டில் எலி விழுந்தது. மனைவி இன்னாசிமேரி மார்ச்சளியில் எழ முடியாமல் கிடந்தாள். கொட்டகை ஒழுகுவது அவருக்குத் தெரியும்.

"ஆரும் பாக்கலீங்க. பொடக்காளியில புதைச்சுப் போடுங்க" என்றாள்.

அவர் கொல்லைக்குப் போய்க் குழியும் வெட்டிவிட்டார். ஆடுகளுக்கு முன்னே நடக்கிறவனே மேய்ப்பன் என்று ஞாயிறுதோறும் தெருவுக்குச் சொல்லி வந்தவருக்கு அதற்குமேல் கை ஓடவில்லை. எலியை முறத்தில் தள்ளி நடுத்தெருவில் கொண்டுவந்து வைத்து, கோயில் மணியை அடித்தார்.

"ஊருக்கெல்லாம் நல்லவரு" என்றாள் இன்னாசிமேரி. "எனக்குத்தான் ஆருமில்ல."

கம்பளியில் சுற்றி மழையில் அவளைச் சுமந்து போனார். ஞாயிறு விடியுமுன் கொட்டகையிலேயே அவள் இறந்தாள்.

அடக்கத்துக்கு வந்த ஞானதாஸ் மனைவி மக்களையும் சாமான்களையும் வண்டியில் ஏற்றி வந்திருந்தான். "எங்கூட்டுலயும் விழுந்திருச்சுங்க" என்றான்.

அவன் பிள்ளைகள் நனையாதிருக்க, கொட்டகைக் கூரையின் ஒழுகலை அடைக்க மதலைமுத்து ஓலை தேடிப் போனார்.