பதினாறு போல்ட்டும் ஒரு வெள்ளைத் தாளும்

"டிக்."

பின்னறையிலிருந்து வந்த அந்தச் சின்னச் சத்தத்தை அடுப்படியில் நின்றபடி அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் "டிக்." பதினான்கு.

இன்னும் இரண்டே இரண்டு. மூச்சுவிட்டால்கூடச் சத்தம் தப்பிவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டாள். பாழாய்ப்போன தேநீர் அந்த நேரம் பார்த்துத்தான் பொங்கியது. அடுப்பை அணைக்கத் திரும்பினாள். உள்ளே ஏதோ கிறீச்சென்று முனகியது போலிருந்தது. அப்புறம் ஒரு "டிக்." அது பதினைந்தா, பதினாறா?

பதினாறுதான், பதினாறாகத்தான் இருக்கும் என்று தன் நெஞ்சுக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எட்டு மாதமாக அந்த நெஞ்சு எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தது.

அவள் கணவருக்கு ஒர்க்‌ஷாப்பில் "சொட்டு அண்ணன்" என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அடியில் தகரத் தட்டுபோல் ஒரு பான் உண்டு. அதைக் கழற்றி ஆயில் மாற்றித் திரும்பப் பூட்டும்போது முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவார்கள். எங்கே ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் போல்ட்டை இன்னும் இன்னும் இறுக்குவார்கள். இறுக்க இறுக்க மெல்லிய தகரம் போல்ட்டுக்கு அடியில் குழிந்து, நடுவில் மேடாகிவிடும். அந்தச் சந்து வழியாக ஆயில் கசியும். இவர் பூட்டிய வண்டி இருபத்தாறு வருடத்தில் ஒரு சொட்டு விட்டதில்லை. குழிந்த விளிம்பைச் சமமான பலகையில் வைத்துத் தட்டி நேராக்குவார். இடையில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட் அட்டையைக் கீறல் விழாமல் சுரண்டி எடுப்பார். பதினாறு போல்ட்டையும் முதலில் விரலாலேயே திருகிவிட்டு, பிறகு மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்குவார். போதும் என்று விரல் சொன்ன இடத்தில் நிறுத்திவிடுவார். கடைசியாக விளிம்பைச் சுற்றி ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் சாவியைக் கொடுப்பார்.

அந்த விரல்களைத்தான் சர்க்கரை வியாதி தின்றுவிட்டது. முதலில் மதமதப்பு. பிறகு சூடு தெரியவில்லை. பிறகு எதுவுமே தெரியவில்லை. டாக்டர் குண்டூசியால் குத்திவிட்டு, "தெரியுதா?" என்று கேட்டபோது, "இன்னும் குத்தலையே டாக்டர்" என்றார் மனுஷன். ரத்தம் வந்திருந்தது.

இரண்டு வண்டிகள் ஒழுகித் திரும்பி வந்தன. மூன்றாவது திரும்பி வரவில்லை. காய்ச்சலில் துவண்ட குழந்தையைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போன ஒரு பெண், பாலத்து ஏற்றத்தில் நின்றுபோனாள். ஆயில் வற்றிக் கியர்பாக்ஸ் கருகியிருந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் மறுநாளே முதலாளி, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றார். அது ஆயிற்று எட்டு மாதம்.

அந்த முதலாளிதான் இன்றைக்கு வந்திருக்கிறார். கியர்பாக்ஸ் வேலைக்கு இருந்த ஆள் போய்விட்டான் என்று கேள்விப்பட்டு, அவள் கணவரே போன் போட்டுக் கெஞ்சிக் கூப்பிட்டிருந்தார். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவு வந்ததும் "டிக்" என்று சொல்லும் ஸ்பேனர் ஒன்று இவரிடம் இருக்கிறது. பானுக்கு வேண்டிய இறுக்கம் கொஞ்சம்தான். அதற்கேற்ப அந்த "டிக்"கும் எறும்பு கடித்ததுபோல. அதைக் காதைவிட உள்ளங்கைதான் முதலில் உணர வேண்டும். ஒரு கணம் தவறினால் ஸ்பேனர் அந்த அளவைத் தாண்டி இறுக்கிவிடும். ஒர்க்‌ஷாப் இரைச்சலில் காதை மட்டும் நம்பி அதைச் செய்ய முடியாது என்று இவருக்கும் தெரியும். இருந்தாலும் அமைதியான வீட்டில் ஒரு தடவை செய்து காட்டிவிட்டால், ஓரமாய்த் தனி அறை ஒன்று கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை.

அவள் தேநீரோடு உள்ளே போனாள். மேசைமேல் பழைய கியர்பாக்ஸ் கூடு, அடியில் பூட்டிய பான், அதற்கும் அடியில் ஒரு வெள்ளைத் தாள். மேலேயிருந்து சிவப்பு ஆயிலை ஊற்றியாகிவிட்டது.

"வீட்டையே ஒர்க்‌ஷாப் ஆக்கிட்டாரே! நீங்க எங்க அண்ணி படுக்கிறீங்க, ஜாக்குக்கு அடியிலயா?" என்றார் முதலாளி.

"ஆயில் வாடை இல்லாட்டி எனக்குத் தூக்கமே வராது தம்பி. கல்யாணத்தன்னிக்கே இவர்கிட்ட அந்த வாடைதான்."

மூவரும் சிரித்தார்கள். எவ்வளவு நாளாயிற்று அந்த வீட்டில் சிரித்து!

"ஒரு மணி நேரம். தாள்ல ஒரு சொட்டு விழக்கூடாது. அவ்வளவுதானே தம்பி?"

"அவ்வளவுதான்ணே. விழலைன்னா திங்கட்கிழமை வந்துடுங்க."

ஒரு மணி நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. முதலாளிக்குப் போன் வர, வாசல் பக்கம் போனார். இவர் நிலைகொள்ளாமல் முகம் கழுவப் போனார். அவள் மட்டும் தனியாக நின்றாள்.

அப்போதுதான் பார்த்தாள். இடது மூலையில், இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே, சிவப்பாய் ஒரு மணி திரண்டுகொண்டிருந்தது. கடுகளவு இருந்தது மிளகளவு பருத்துத் தொங்கியது. அவள் யோசிக்கவே இல்லை. கட்டைவிரலை நீட்டி அந்தச் சொட்டை ஏந்திக்கொண்டாள். தாலாட்டித் தூங்கவைத்த பிள்ளையைத் தூக்குவதுபோல் அவ்வளவு மெதுவாக. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பாலத்தில் நின்றுபோன அந்தப் பெண்ணின் முகம் எப்படியிருக்கும் என்று, முன்பின் பார்க்காத முகத்தை நினைத்தாள். பிறகு அவர் முகத்தை நினைத்தாள். கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

ஆண்கள் இருவரும் திரும்பி வந்தபோது ஒரு மணி நேரம் முடிந்திருந்தது. முதலாளி குனிந்து தாளைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஜெயிச்சிட்டீங்கண்ணே!"

கணவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். செய்த பாவமெல்லாம் இந்த முகத்துக்காகப் போகட்டும் என்றிருந்தது.

"இரு தம்பி, முறைப்படி முடிக்கணும்ல" என்றார் அவர். பழக்கம் விடுமா? விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். வலது ஓரம், பின்பக்கம், இடது மூலை. "பார்த்தியா! எலும்பு மாதிரி காய்ஞ்சு கிடக்கு" என்று பெருமையாக விரலைத் தூக்கிக் காட்டினார்.

விரல் நுனி சிவப்பாக இருந்தது. ஆயில் வழிந்து இரண்டாவது கணுவரைக்கும் வந்திருந்தது.

முதலாளியின் கண் அந்த விரலிலேயே நின்றது. அவள் கண்ணும் அங்கேதான். இரண்டு பேரும் எதைப் பார்க்கிறார்கள் என்று திகைத்து, அவரும் தன் விரலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அவள் பக்கம் நீட்டி, "ஈரமா இருக்கா?" என்று கேட்டார்.

அவள் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தொட்டாள். மறைத்து வைத்திருந்த கையால்தான் தொட்டாள். ஆயில் படிந்த அந்தக் கட்டைவிரலையும் அவர் பார்த்துவிட்டார்.

"இருக்குங்க."

"சரி" என்றார். அவள்மேல் ஒரு கோபமும் இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால்கூட அவள் பிழைத்திருப்பாள்.

"அண்ணே, வாசல்ல உட்கார்ந்து வர்ற வண்டியை எழுதிக்கிற வேலை ஒண்ணு..."

"என்னைத் தினமும் அந்த வாசல்ல உட்கார வைச்சுப் பார்க்க உனக்கு மனசு வருமா தம்பி? எனக்கு வராது. நீ கிளம்பு. கடையில ஆள் இல்லாம தவிக்கிற. சீக்கிரம் வேற ஆளைப் பாரு."

முதலாளி எழுந்தார். தேநீர் ஆடை படிந்து அப்படியே இருந்தது. அவர் கையை நீட்ட, இவர் ஆயில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு முழங்கையைக் கொடுத்தார். மெக்கானிக்குகள் அப்படித்தான் கைகொடுப்பார்கள்.

வாசல்வரை அவள் போனாள்.

"திங்கட்கிழமை நான் போன் பண்றேன் அண்ணி" என்றார் முதலாளி, செருப்பைப் பார்த்துக்கொண்டே.

"வேணாம் தம்பி. போன் அடிச்சா, வேலைக்குத்தான் கூப்பிடறீங்களோன்னு அவர்தான் ஓடிப் போய் எடுப்பார்."

முதலாளி தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.