மூன்று வெள்ளிக்கிழமைகளில் போட்ட வரைபடம்

இருபது வயதில் ராயப்பேட்டையைத் திருத்தியமைக்கும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை, பாடத்திட்டத்தில் இருந்தது. சுதந்திரம் வந்த புதிது. எதையாவது இடித்து எதையாவது கட்டிவிட வேண்டும் என்று ஊரே துடித்துக்கொண்டிருந்தது. கல்லூரியில் கடைசி வருடத்தில் நகரமைப்பு என்று ஒரு பாடம் வைத்திருந்தார்கள். நெரிசலான பேட்டை ஒன்றை அளந்து, அது எப்படி இருக்கிறது என்று ஒரு படமும், எப்படி இருக்க வேண்டும் என்று இன்னொரு படமும் போட வேண்டும். இரண்டாவது படம்தான் எங்களுக்குச் சுலபமாக வந்தது.

எங்கள் ஆசிரியர் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். நல்ல மனிதர், சித்திரை வெயிலிலும் டையைத் தளர்த்தமாட்டார். பூங்கா இல்லாத பேட்டை மூச்சு முட்டிச் சாகும் என்பது அவர் கட்சி. ஆகவே வகுப்பே பூங்காவுக்கு இடம் தேடி அலைந்தது. கோயில் குளத்தைத் தூர்த்துப் பூங்கா போட்டவன்கூட எங்களில் ஒருவன் இருந்தான்.

நானும், மயிலாப்பூரில் என் தெருவிலேயே குடியிருந்த வகுப்புத் தோழன் ஒருவனும் அளக்க ஜோடி, படம் மட்டும் அவரவர் தனி. வெள்ளிக்கிழமை மதியம் வெளியே போய் அளந்து வர அனுமதி. நிலம் அளக்கும் சங்கிலியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் புகுந்தோம். சந்தின் கோடியில், எங்களுக்கென்றே ஒதுக்கி வைத்த மாதிரி ஒரு திடல். சுத்தமாகப் பெருக்கியிருந்தது. சுற்றிலும் சாத்திய கதவுகள், நடுவில் இரண்டு வேப்பமரங்கள். ஈ காக்கை இல்லை. தோழன் குனிந்து தரையைக் கிள்ளிப் பார்த்து, "மேல்மண் வெளுப்பு, மிக லேசானது" என்று நோட்டில் எழுதிக்கொண்டான். எவ்வளவு லேசு என்றால், காற்றடித்ததும் அது மூக்கில் ஏறி இரண்டு பேரும் தும்மித் தீர்த்தோம். மண் எப்படி மூக்குவரை பறக்கும் என்று இரண்டு மேதைகளுக்கும் தோன்றவில்லை.

அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது அல்லவா? அடுத்த வெள்ளிக்கிழமையும் போனோம், அதற்கடுத்ததும் போனோம். மூன்று தடவையும் திடல் காலி. 'வெற்றிடம். யாரும் பயன்படுத்தவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி மூலையில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது படத்தில் அந்த இடத்தில் பச்சை மையைத் தாராளமாகச் செலவழித்தேன். வட்டமாக ஒரு நடைபாதை, வேப்பமரத்தடியில் பெஞ்சு, ஓரத்தில் பேண்டு வாசிக்க ஒரு மேடை. அந்தச் சந்துக்குள் யார் வந்து பேண்டு வாசிப்பார்கள் என்று ஆசிரியர்கூடக் கேட்கவில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். பார்க்க வந்த அதிகாரி ஒருவர் என் படத்துக்கு முன்னால் நின்று, "சும்மா கிடக்கிற இடம்தானே, எடுத்துக்கொள்ளலாமே" என்று இரண்டு படங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அப்பா அதை ஒரு மாதம் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. "ராயப்பேட்டையில மெத்தைக்குச் சொல்லிட்டு வாடா. இலவம்பஞ்சுதானான்னு கண்ணால பாத்துண்டு வா. உன் படிப்பை நம்பி அனுப்பறேன்" என்றாள் அம்மா. விசாரித்துக்கொண்டே போனால், தெரிந்த சந்து. அன்று புதன்கிழமை. திடலில் கால் வைத்ததும் முகத்தில் பஞ்சு வந்து அப்பியது. பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து வில்லில் பஞ்சடித்துக்கொண்டிருந்தார்கள். டொய்ங் டொய்ங் என்று காதைப் பிளந்தது. நான் பெஞ்சு போட்ட இடத்தில் ஒருவர் சம்மணமிட்டு மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். பேண்டு மேடையில் ஆளுயரத்துக்கு இலவம்பஞ்சு.

கணவர் இறந்தபின் அங்கே தொழிலை நடத்தி வந்த மெத்தைக்காரம்மாதான் எதிரே வந்தார்.

"வா நைனா. கல்யாண மெத்தையா?"

"ஆமாம்மா. இங்கே... தினமும் வேலை நடக்குமா?"

"வெள்ளிக்கெயமை மட்டும் லீவு. ஆம்பளைங்க ஜும்மா தொயுகைக்குப் பூடுவாங்க. மொத நாளே அல்லாத்தையும் பெருக்கி வச்சிருவோம். இன்னா, மூஞ்சி இப்டி ஆயிடுச்சு?"

அவர் உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்து நீட்டினார். "இங்கிலீசு படிச்ச புள்ளயா கீற. இத்த இன்னான்னு பாரு."

பார்த்தேன். வெற்றிடம், யாரும் பயன்படுத்தவில்லை என்று என் வாக்கியம் எழுத்துப் பிசகாமல் அதில் இருந்தது. பூங்காவுக்காக இடம் எடுக்கப்படும், ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றது மிச்சம்.

"பார்க்கு வருதாம். பதினோரு குடும்பம் இத்த நம்பித்தான் கீது நைனா. இந்த எடம் போச்சுன்னா வில்ல தூக்கிக்கினு ரோட்லயா ஒக்காற முடியும்? நல்லா ஒறைக்கிற மாதிரி ஒரு மனு எய்திக் குடு."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தொண்டைவரை வந்தது. பயம் பாதி, வெட்கம் பாதி, விழுங்கிவிட்டேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

"படம் போட்டவனுக்குக் கண்ணு கீதா இல்லியான்னு மொதல்ல கேளு" என்றார்.

'அளவையில் சிறு கவனக்குறைவு நேர்ந்திருக்கலாம் எனப் பணிவுடன் கருதுகிறோம்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

"கேட்டியா?"

"கேட்டிருக்கேம்மா."

தன்னைத் தானே இவ்வளவு மரியாதையாகத் திட்டிக்கொண்டவன் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டான்.

விசாரணைக்கும் மெத்தைக்காரம்மா என்னையே கூட வரச் சொன்னார். விசாரித்தவர், கண்காட்சியில் படங்களை வாங்கிப் போன அதே அதிகாரிதான். மேஜைமேல் என் படங்கள் இரண்டும் விரிந்திருந்தன, பக்கத்தில் மனு. அவர் படத்தையும் மனுவையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கை எழுதின மாதிரி இருக்கே?" என்றார்.

மெத்தைக்காரம்மாவுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னேன். "ரெண்டும் நான்தான் சார். படம் தப்பு. மூணு வெள்ளிக்கிழமை மட்டும் பார்த்துட்டுப் போட்டேன். மனுதான் சரி."

கல்லூரியில் இதற்கு என்ன நடக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். நடந்தது. முதல் மதிப்பெண் போயிற்று, அந்தப் பாடத்தை மறு வருஷம் திரும்ப எழுதினேன், அப்பா என் படிப்பைப் பற்றி வெளியே பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் அந்த அதிகாரி அப்போதே சிவப்புப் பென்சிலை எடுத்து என் பச்சை வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பார்க்க நிம்மதியாக இருந்தது.

வராந்தாவில் மெத்தைக்காரம்மா முன்னால் நடந்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நானும் தலையைக் குனிந்தபடி கூடவே போனேன். படிக்கட்டில் நின்றார்.

"சங்கிலிய இஸ்துக்கினு ரெண்டு பேரு வந்து தும்முனீங்களே, அது நீதானா?"

"எப்படிம்மா தெரியும்?"

"ஆம்பளைங்கதானே தொயப் போனாங்க. பொம்பளைங்க அல்லாரும் வூட்லதானே இருந்தோம். மூணு வாரமும் பாத்துக்கினுதான் இருந்தோம். ஒரு கதவத் தட்டி, இது இன்னா எடம்னு கேட்டிருந்தா சொல்லிருப்போமே நைனா."

திடலைச் சுற்றிப் பதினோரு கதவுகள். ஒவ்வொன்றின் அகலத்தையும் அங்குலம் பிசகாமல் அளந்து படத்தில் குறித்திருந்தேன். ஒன்றையும் தட்டவில்லை.