காட்டுத்தேன் மையில் தச்சர் கண்டது

மை தயாரிக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் அவளை எல்லோரும் மையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊதா மைப் புட்டியைக் கைதவறி மடியில் கவிழ்த்துக்கொண்டு, ஊதா விரல்களோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போனவள். நடத்துனர் அவள் நீட்டிய சில்லறையை வாங்கவே யோசித்தாராம். கையில் இருந்த கறை ஒரு வாரத்தில் போய்விட்டது. பெயர் போகவில்லை.

மையைச் சோதிப்பது அவள் வேலை. கீழே கலவைக்காரர் சாயங்களையும் தண்ணீரையும் கலந்து முடித்ததும், அதில் கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் மாடிக்கு வரும். பேனாவில் நிரப்பி எழுதிப் பார்ப்பாள். பஞ்சுக்குச்சியால் தொட்டு அட்டையில் பட்டையாக இழுப்பாள். விரலால் தேய்த்து, காய்ந்துவிட்டதா, இழுபடுகிறதா என்று பார்ப்பாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எழுத்து தாக்குப்பிடிக்கிறதா, ஊரை விட்டு ஓடுகிறதா என்று பார்ப்பாள். கடைசியாக ஜன்னலோரம் போய், பழைய மாதிரிப் புட்டியில் தொட்டு இழுத்த பட்டைக்குப் பக்கத்தில் புதியதை வைப்பாள். இரண்டும் பொருந்தி, அவள் வாயிலிருந்து "சரி" என்று வந்தால்தான் கீழே புட்டிகளில் அடைப்பார்கள்.

நிறத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. கலவைக்காரர் ஒரு கரண்டிச் சாயம் கூடப் போட்டிருந்தால் மாடியிலிருந்தே குரல் வரும். "அண்ணே, நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கு." அவர் முணுமுணுத்துக்கொண்டே சரிசெய்வார்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவருக்குச் சிவப்பும் பச்சையும் பிடிபடாது.

அவர் தச்சர். கதவு, ஜன்னல், அலமாரி எதுவானாலும் அவர் கை பட்டால் சத்தமில்லாமல் மூடும். ஆனால் இளவயதில் அவர் ஆசைப்பட்டது ரயில் ஓட்ட. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினார். கண் பரிசோதனையில் புள்ளிப் புள்ளியாய் இருந்த ஒரு படத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் இருக்கிறது என்று கேட்டார்கள். அவருக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. "இதுகூடத் தெரியலையா?" என்று கேட்டார் பரிசோதித்தவர். அவ்வளவுதான். அன்றோடு ரயில் போயிற்று.

அதன் பிறகு அவர் நிறத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். சந்தைக்குப் போனால் பாதி காயாகத் தக்காளி வாங்கி வருவார். வெளியே கிளம்பும்போது இரண்டு சட்டைகளைத் தூக்கிக் காட்டுவார். அவள் ஒன்றைக் கைகாட்டுவாள். அவருடைய தங்கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்க மாட்டாள். "அண்ணி, அண்ணனுக்கு எதுக்குக் கலர் டிவி? கருப்பு வெள்ளையே போதுமே!" எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிடும் என்பது மையக்காவுக்கு மட்டும் தெரியும். அதனால் வீட்டில் வேலையைப் பற்றிப் பேசும்போது, மை வழுக்கிக்கொண்டு ஓடியது, காயச் சுணங்கியது என்றெல்லாம் சொல்வாளே தவிர, நிறப் பேச்சை எடுக்க மாட்டாள். பசித்தவன் எதிரில் உட்கார்ந்து விருந்தை வர்ணிப்பது போல அவளுக்குத் தோன்றும்.

அந்தக் கம்பெனிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த மை ஒன்று உண்டு. காட்டுத்தேன் என்று பெயர். எழுதும்போது பச்சை தட்டிய பழுப்பாக இறங்கும். காயக் காயத் தேன் நிறத்துக்கு வரும். எழுத்து வளையும் இடத்தில் மை கொஞ்சம் தேங்கினால், ஓரத்தில் மெல்லிய சிவப்பு எட்டிப்பார்க்கும். அந்த மைக்காகவே தேடி வருகிறவர்கள் இருந்தார்கள்.

அதற்கு வேண்டிய சாயம் ஒன்று திடீரென்று கிடைக்காமல் போயிற்று. கலவைக்காரர் விடவில்லை. வேறு சாயங்களை வைத்து மாற்றி மாற்றிக் கலந்து, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த பிறகு, ஒரு கிண்ணத்தோடு தானே மாடி ஏறி வந்தார்.

"பாரும்மா. இதுல குறை சொன்னே, நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

அவள் எழுதினாள், தேய்த்தாள், தண்ணீர் விட்டாள். ஜன்னலோரம் பழைய பட்டையையும் புதிய பட்டையையும் ஒட்டி வைத்தாள். சாய்த்தாள், நிமிர்த்தினாள், இடம் மாற்றினாள். எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணே, எப்படிண்ணே இது! அச்சு அசலா இருக்கு."

கலவைக்காரர் முகம் மலர்ந்தது. "சரி"யைச் சொல்ல அவள் வாயெடுத்த நேரத்தில்தான் தச்சர் உள்ளே வந்தார். மழைக்கு உப்பிப்போன மாடி ஜன்னல் மூட மாட்டேன் என்று அடம்பிடிக்க, முதலாளியம்மா அவரை வரச் சொல்லியிருந்தார். மரம் இழைக்கும் இழைப்புளியை மேஜையில் வைக்கப்போனவர், அட்டைகள் கிடப்பதைப் பார்த்து அதைத் தள்ளி வைத்தார்.

"ரெண்டு வேற மைய எதுக்குப் பக்கத்துல பக்கத்துல போட்டு வச்சிருக்கே?" என்றார் சாதாரணமாக.

"வேற மை இல்லீங்க. ரெண்டும் காட்டுத்தேன்தான்."

"இல்லையே. இது ஒண்ணு, அது ஒண்ணு."

கலவைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "தச்சரே, நீங்களா சொல்றீங்க? அக்காவே ஒண்ணுன்னு சொல்லியாச்சு."

தச்சரின் முகம் சட்டென்று சுருங்கியது. "எனக்கு எங்க தெரியும், விடுங்க" என்று இழைப்புளியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

மையக்காவும் அதை அப்படியே விட்டிருப்பாள். ஆனால் அவர் முதலில் கேட்ட விதம் அவளை உறுத்தியது. சந்தேகமாகக் கேட்கவில்லை அவர்; மேஜையில் சுத்தியலும் உளியும் கிடந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். அவள் இரண்டு அட்டைகளையும் சின்னத் துண்டுகளாக வெட்டினாள். பின்பக்கம் பழையது, புதியது என்று குறித்தாள். சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கி, மை தெரியும்படி பரப்பினாள்.

"இங்க வாங்க. உங்களுக்குத் தோணுற மாதிரி பிரிச்சு வைங்க."

"எதுக்கும்மா இது? சிரிக்கிறதுக்கா?"

"நான் சிரிப்பேனா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்தார். ஆணி, திருகாணி பிரிப்பது போல அந்தத் தடித்த விரல்கள் மளமளவென்று நகர்ந்தன. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். ஒன்றில்கூட அவர் நிறுத்தி யோசிக்கவில்லை.

மையக்கா துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பழையது, பழையது, பழையது. அடுத்த கூட்டத்தில் புதியது, புதியது, புதியது.

"தற்செயலா இருக்கும்" என்ற கலவைக்காரர், துண்டுகளைத் தானே வாங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு குலுக்கி, மறுபடி பரப்பினார். தச்சர் மறுபடியும் பிரித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கலவைக்காரர் பக்கத்தில் இருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"எப்படீங்க தெரியுது?" என்று கேட்டாள் மையக்கா.

"எப்படின்னா? ஒண்ணு வெயில்ல கெடக்குற மாதிரி இருக்கு, இன்னொண்ணு நெழல்ல கெடக்குற மாதிரி." அவர் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், உங்களுக்கு இது தெரியலையா?"

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் அவரிடம் கேட்ட கேள்வி அது. முதல் தடவையாக அவர் அதைக் கேட்டார். கேலி துளியும் இல்லை, மெய்யான வியப்புதான்.

அவள் மை உறிஞ்சும் தாளில் இரண்டு பட்டைகள் கத்தரித்து, அடியில் ஒன்றில் பழைய மை, மற்றதில் புதிய மை என்று ஒரு பொட்டு வைத்து, நுனியைத் தண்ணீரில் நிறுத்தினாள். தண்ணீர் தாளில் ஏறி, மையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிற்று. மூவரும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழைய மை மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் பிரிந்து, உச்சியில் நீலமாக விரிந்தது. புதிய மையில் அவை எதுவுமே இல்லை. கீழே ஆரஞ்சு, மேலே பச்சை. வெவ்வேறு குடும்பத்தில் பிறந்த இரண்டு பேர் ஒரே முகத்தோடு வந்து அவள் முன்னால் நின்றிருக்கிறார்கள்.

"சாயம் வேறன்னு எனக்குத் தெரியும். ஆனா பார்வைக்கு ஒண்ணுதானே?" என்றார் கலவைக்காரர், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

மையக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அட்டைகளை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். மாடிப்படிக்கு அடியில், வெளிச்சம் எட்டாத மூலையில் ஒரு மஞ்சள் பல்பு உண்டு. அதன் கீழே பிடித்தாள். ஜன்னலோரம் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தவை அங்கே இரண்டாகப் பிரிந்து நின்றன. பழையது தேனாகவே இருந்தது. புதியது பாசி பிடித்த மாதிரி பச்சையடித்தது. பகலில் எழுதியதை விளக்கு வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்கிறவர் வேறு மை என்றுதான் நினைப்பார். எங்களுக்குப் பல்பு தேவைப்பட்டது, இவர் பகலிலேயே பார்த்துவிட்டாரே என்று அவள் மலைத்துப்போனாள்.

சத்தம் கேட்டு வந்த முதலாளியம்மா பல்புக்குக் கீழே அட்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது வெளிய போக வேண்டாம்" என்றார். கலவைக்காரர் தச்சரின் தோளில் கைவைத்து, "வயித்துல அடிச்சிட்டீங்களேப்பா" என்றார். ஆனால் அடுத்த கலவையை மாடிக்குக் கொண்டுபோகும் முன்னால் அட்டையோடு தச்சுப்பட்டறை வாசலில் போய் நின்றவரும் அவர்தான். சில நாள் அலைந்து, தச்சரும் தலையாட்டி, மையக்காவும் பகலிலும் பல்பிலும் பார்த்து "சரி" சொன்ன பிறகே காட்டுத்தேன் மறுபடி கடைக்குப் போயிற்று.

அந்த வாரமே அவள் அவரைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். வேண்டாம் என்று தயங்கித் தயங்கித்தான் வந்தார். மருத்துவர் ஒரு கருவிக்குள் பார்க்கச் சொல்லி, திருகைத் திருப்பித் திருப்பி ஏதேதோ கேட்டார்.

"உங்க கண்ணு நிறத்தை வேற கணக்குல கூட்டுது. அதனால எங்களுக்கு வேறவேறயாத் தெரியுறது சிலது உங்களுக்கு ஒண்ணாத் தெரியும். அதே மாதிரி எங்களுக்கு ஒண்ணாத் தெரியுற சில கலவை உங்களுக்குத் தனித்தனியாத் தெரியும்."

"அப்ப கொறை இல்லையா, டாக்டர்?"

"சிக்னல் பாக்குற வேலைக்குக் கொறைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க பாக்குறதுல சிலதை நான் எத்தனை கண்ணாடி போட்டாலும் பாக்க முடியாது."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது தச்சர், "எத்தனை கண்ணாடி போட்டாலும்னு சொன்னாரில்ல?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. இருவரும் பூங்கா வழியாக நடந்தார்கள். தூரத்தில், குளத்துக்கு அப்பால், மரங்கள் வரிசையாக நின்றன. மழையில் குளித்து எல்லாம் ஒரே பச்சை. இத்தனை வருஷத்தில் அவரிடம் கேட்டே இராத ஒன்றை அவள் அன்று கேட்டாள்.

"அங்க உங்களுக்கு என்னங்க தெரியுது?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எல்லாம் ஒரே மரந்தான். நடுவுல மட்டும் ரெண்டு வேற."

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அதோ, அந்த விளக்குக் கம்பத்துக்கு நேரா. பளிச்சுனு தெரியுதேம்மா."

பஸ் போனால் போகட்டும் என்று அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தாள். விளக்குக் கம்பத்துக்கு நேரே போய் அண்ணாந்து பார்த்தாள். பக்கத்து மரங்களில் இலை நீண்டு கூர்மையாக இருந்தது. அந்த இரண்டில் மட்டும் இலை வட்டமாகவும் ஓரம் சுருண்டும் இருந்தது. வேறு மரந்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். குளத்துக்கு அக்கரையில் அவர் கையை உயர்த்தி, "என்ன, சரியா?" என்று கத்தினார். அவள் தலையை ஆட்டினாள், அவருக்குத் தெரியும்படி பெரிதாக, பலமுறை.