சம்பந்தி போட்ட நாற்காலி

பொன்னையாவைத் தெரிந்த பெரியோர்களே, அவர் குளத்துக் களிமண்ணை மிதித்த உறவினர்களே! இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று, மாலை போட்ட அவர் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

சேதி வந்தபோது பெருமாள்மலையில் பேருந்துக்காக நின்றிருந்தேன். கையில் அவருக்கென்று வாங்கிய வெற்றிலைக் கட்டு. மகள் செல்விதான் போனில் பேசினாள். “அப்பா, மாமா போயிட்டாங்கப்பா. வெள்ளனே எந்திரிச்சுக் கரையைச் சுத்திட்டு வந்து உக்காந்தாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க.” எந்தக் கரை என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு உலகத்தில் ஒரே கரைதான்.

கவுஞ்சியில் என் வீட்டுக்கு நேர் மேலே, சரிவில் அவருடைய நிலம். அவர் மகன் முருகேசனுக்கு என் மகளைப் பேசி முடித்த கையோடு, என் தலைக்கு மேல் ஒரு குளம் வெட்டத் தொடங்கினார். நிச்சயத் தாம்பூலத்தில் இந்த நிபந்தனையை யாரும் வாசிக்கவில்லை. கோடையில் பூண்டுக்கும் கேரட்டுக்கும் தண்ணீர் வேண்டும் என்றார். வெட்டி முடித்த அன்று, கொடைக்கானல் ஏரி வெட்கத்தில் ஒரு சாண் சுருங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு மழை வந்தால் ஊரில் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் போய் அண்ணாந்து கரையைப் பார்ப்பேன்.

“பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டால் ஒழுகாதே” என்று சொல்லிப் பார்த்தேன்.

“சம்பந்தி, தண்ணி குடிக்கக் காட்டுமாடு எறங்கும். அது குளம்பு பட்டா உங்க விரிப்பு சல்லடையா ஆயிரும். அப்புறம் சலிச்ச தண்ணி ஒங்க வீட்டுக்குத்தான் வரும், பரவாயில்லையா?”

ஆகவே களிமண். அடியிலும் கரையிலும் அதைக் கொட்டி, ஈரத்தோடு மிதித்து மிதித்து ஒரே தோலாக இறுக்க வேண்டும். அதற்கு நிறையக் கால்கள் வேண்டும். அவர் மாடுகளைத் தேடவில்லை. கல்யாணம் முடிந்ததும் சம்பந்தி விருந்து என்று எங்கள் பக்கத்து ஜனம் முழுவதையும் அழைத்தார். பந்தி குளத்துக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தது. கறிக்குழம்பின் வாசம் மலையிறங்கிப் போய், பழனி அடிவாரத்துக் கடைக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டு மேலே ஏறத் தொடங்கினார்கள்.

“மிதிச்சவுங்களுக்குத்தான் எலை!” என்று அறிவித்தார் பொன்னையா.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் தங்கை முதலில் இறங்கினாள். பின்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிய பங்காளிகள். குலவை வேறு. நானும் செருப்பைக் கழற்றினேன். பதறிப்போனார்.

“பொண்ணைக் குடுத்தவுக காலு சேத்துல படலாமா? நாளைக்கு ஊரு என்னைய என்ன பேசும்?”

ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, கீழ்க்கரையை ஒட்டிக் கொட்டியிருந்த களிமண் மேல் ஜமுக்காளம் விரித்து, அதன் மேல் போட்டு என்னை உட்காரவைத்தார். கையில் ஒரு சோடா. பொழுது சாயும்வரை நான் கொலு வீற்றிருக்க, உறவினர்கள் என்னை வலம் வந்து மிதித்தார்கள். அப்படியொரு மரியாதை என் பரம்பரையில் யாருக்கும் கிடைத்ததில்லை.

மறு வருஷம் ஐப்பசி அடைமழையில்தான் குளம் முதன்முதலாக விளிம்பைத் தொட்டது. செல்வி பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு என் வீட்டில் இருந்தாள். அன்று மதியம், வீட்டின் பின்சுவருக்கு மேலே, கரையின் அடியில் ஒரு கையகலத்துக்கு ஈரம் கசிந்தது. இந்த இடத்தில் என் வாய்ச்சவடாலை நிறுத்திக்கொள்கிறேன்.

நான் போட்ட சத்தத்தில் பொன்னையா ஒரு டீ கிளாஸோடு ஓடிவந்தார். கசிவில் கிளாஸைப் பிடித்து நிரப்பிக் கல்லின் மேல் வைத்தார்.

“தெளிவா வந்தா கரைக்கு வேர்க்குதுன்னு அர்த்தம். கலங்கி வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். பொறுங்க.”

பொறுத்தோம். தெளிவாகத்தான் இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார். லேசாகப் பால் கலந்தாற்போல் இருந்தது. அதையும் கொட்டினார். மறுபடி பிடித்தபோது, குடிக்கலாம் போல் டீயின் நிறத்தில் இருந்தது.

“சம்பந்தி, மருமகளையும் பேரனையும் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. வெரசா.”

செல்வி வாசலில் நின்று, “என்னப்பா, என்ன ஆச்சு?” என்றாள். “கேள்வி கேக்காத தாயி, நட” என்றேன். என் மனைவி குடையைப் பிடிக்க, குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு அவள் ஒற்றையடிப் பாதையில் ஏறினாள். வழுக்குப் பாதை. பச்சை உடம்புக்காரி. அவள் தலை மறையும்வரை நான் கரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மடைக்குழாயை முழுதாகத் திறந்தும் தண்ணீர் இறங்கவில்லை. வடக்குக் கரையை வெட்டிவிட்டால் ஓடைக்குப் போய்விடும். ஆனால் வழியில் இருப்பது பொன்னையாவின் பூண்டு. முளைத்து வரிசையாக நின்றது.

“அப்பா, இன்னும் செத்த பாப்பமா?” என்றான், மம்பட்டியோடு வந்து நின்ற முருகேசன். “பூண்டு மொத்தமும் போயிரும்ப்பா.”

“ஏலே, கீழ இருக்குறது சம்பந்தி வீடுடா. மம்பட்டியைக் குடு.”

மூன்று பேரும் வெட்டினோம். மிதித்து இறுக்கிய கரை லேசில் விடவில்லை. பின்னால் கீழ்க்கரையிலிருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து என் வீட்டுச் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. பொன்னையா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓங்கி ஓங்கிப் போட்டார். கடைசியில் கரை வாய் திறந்தது. குளம் அவருடைய பூண்டின் மேல் இறங்கியது. பாத்தி பாத்தியாக வாரிக்கொண்டு ஓடைக்குப் போனது. அவர் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு அதைப் பார்க்காமல் என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கசிவு நூலாகி, நூலும் அறுந்தது. சுவர் நின்றது.

மழை விட்டதும் காலிக் குளத்தில் இறங்கிப் பார்த்தோம். எங்கும் களிமண் தோசைக்கல்லாக இறுகியிருந்தது. கீழ்க்கரை ஓரத்தில் மட்டும், ஜமுக்காளம் அகலத்துக்கு, பொதபொதவென்று இருந்தது. நாலு மூலையிலும் நாலு குழி. நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை.

பொன்னையா குழிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

“சம்பந்தி, எல்லா எடத்தையும் மிதிச்சோம். மரியாதையை மட்டும் மிதிக்காம விட்டுட்டோம். செருப்பைக் கழத்துங்க.”

புதுக் களிமண் போட்டு, கையைக் கோத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் அந்த இடத்தை மிதித்தோம். இன்றுவரை அது ஒழுகவில்லை.

துக்க வீட்டில் முருகேசன் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டான். நான் உட்காரவில்லை. அவரை எடுக்கும்வரை வெறுங்காலோடு தரையில் நின்றேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த டீ கிளாஸ். நேற்று நல்ல மழை. கரையடியில் வேர்த்த தண்ணீரை அதில் பிடித்துக் கல்லின் மேல் வைத்து, அவரைப் போலவே பொறுத்திருந்தேன். தெளிவாக இருந்தது.

ஏரி சுருங்கவில்லை. அடிவாரத்துக் கடைகளை யாரும் பூட்டவில்லை. மற்றதையெல்லாம் உங்கள் இஷ்டத்துக்குக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னச் சங்கதியை மட்டும் விட்டுவையுங்கள்: என் கால் சேற்றில் படக்கூடாதென்று ஒரு மனிதர் குளத்துக்குள் நாற்காலி போட்டார். அது உண்மை.