ஏழுமலையின் பல்வரிசை

செஞ்சியிலிருந்து டிராயிங் மாஸ்டர் எழுதிய கார்டு வந்தபோது நான் கடலூரில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கார்டின் மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. நம் ஆய்வுக்கூட அட்டெண்டர் ஏழுமலை நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டார், பதினாறாம் நாள் காரியம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, பள்ளி மலருக்கு அவரைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். கார்டில் அவ்வளவுதான் இடம். இரண்டு தடவை படித்தேன். முதலில் வந்தது நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இனிமேல் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்க வேண்டியதில்லை என்கிற நிம்மதி. துக்கம் அதற்கப்புறம் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

எந்தப் பேச்சு என்று அவரோடு வேலை பார்த்த உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன். இந்த மாதிரிக் கட்டுரையில் எழுதுகிறவன் ஓரமாக நின்றுகொண்டு போனவரைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்பது முறை. எனக்கு அப்படி நிற்க வழியில்லை.

ஏழுமலை என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று தானாக வருகிறது. பள்ளியில் இருந்த ஏழு வருஷமும் ‘ஏழுமலை, இங்க வா’ என்றுதான் கூப்பிட்டேன். நாம் எல்லோருமே அப்படித்தான் கூப்பிட்டோம், கணக்கு வாத்தியார் உட்பட, அந்த வாத்தியாருக்கு அப்போது இருபத்துநாலு வயசுதான். வல்லத்துக்கு அந்தப் பக்கம், ஊரைத் தாண்டி இருந்த குடியிருப்பிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அவருடைய சம்பளமும், மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கும் காலத்தில் அவர் மனைவிக்குக் கிடைக்கும் கூலியும்தான் குடும்பம். குடுவைகளைக் கழுவிக் கவிழ்ப்பது, தவளையைப் பிடித்து வருவது, ஸ்பிரிட் விளக்குக்குத் திரி போடுவது எல்லாம் அவர் வேலை. நான் பாடம் நடத்தும்போது கதவோரம் நின்று கேட்பார். கேட்டது சரியில்லை என்று பட்டால் மணி அடித்தபிறகு வந்து சொல்வார்.

ஜீரண மண்டலம் நடத்திய ஒரு நாள் நினைவிருக்கிறது. இலை தழை தின்னும் பிராணிக்குக் குடல் நீளம், சமைத்துத் தின்னப் பழகியதால் மனிதனுக்குக் குடலும் குறைந்தது, பல்லும் சிறுத்தது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பையன்கள் ஏன் என்று கேட்டார்கள். நான் சொன்ன விளக்கம் எனக்கே விளங்கவில்லை. மதியம் கோட்டைக் குரங்குகள் மதில் தாண்டி வந்து வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்தன. ஏழுமலை அவற்றைக் காட்டிச் சொன்னார்:

“காலைல நான் வரும்போதும் மென்னுகிட்டு இருக்குது, சாயந்தரம் பூட்டும்போதும் மென்னுகிட்டு இருக்குது சார். அதுக்கு வேற வேலைக்கு நேரமே இல்ல. நாம சட்டிய ஏத்திட்டு வேற வேலைக்குப் போயிடறோம். நமக்கு பதிலா அடுப்பு மெல்லுது.”

மறுநாள் வகுப்பில் இதையே சொன்னேன். எல்லோருக்கும் புரிந்தது. சொன்னது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அறுபத்தாறில் எனக்குக் கடைவாய்ப் பல் முளைக்க இடமில்லாமல் தாடை வீங்கிப்போயிற்று. ஒரு வாரம் கஞ்சிதான். ஏழுமலை லவங்கத்தை நசுக்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு நாளும் பல்வலி வந்ததில்லை என்றார். நம்பாமல், காட்டு என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தாராளமாக வாயைத் திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். முப்பத்திரண்டும் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், கடைசிப் பல் வரைக்கும் நெருக்கமில்லாமல், மேற்பரப்பு அம்மியைப் போலத் தேய்ந்து சமமாக இருந்தது. பழைய மனிதர்களின் தாடை எலும்பைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததெல்லாம் கண்ணெதிரே இருந்தது. சின்ன வயசில் கடினமானதை மென்றால்தான் தாடை அகலமாக வளரும், அகலமானால்தான் கடைசிப் பல்லுக்கு இடம் இருக்கும் என்று நான் அவருக்கு விளக்கினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “சின்னதுல எங்க வாய்க்கு நெறைய வேல குடுத்துட்டாங்க சார். வயித்துக்குத்தான் வேல கம்மி” என்றார். அவருடைய சிரிப்பு வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த வருஷம்தான் அரிசிக்காக ஊரே அலைந்தது. அந்த வருஷம்தான் நம் பள்ளியில் பொருட்காட்சியும் நடந்தது. என் மேசைக்கு ‘ஆதி மனிதனின் உணவு’ என்று தலைப்பு வைத்தேன். டிராயிங் மாஸ்டர், ஈட்டியோடு மானைத் துரத்தும் ஒருவனைப் பெரிய அட்டையில் வரைந்து கொடுத்தார். ஏழுமலை அதன்முன் கொஞ்ச நேரம் நின்றார். இந்த ஆள் தினமும் மான் அடித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“எங்க ஆளுங்க மொசலுக்கு வல கட்டுவாங்க சார். பத்து நாள் போனா ரெண்டு நாள் மாட்டும். மத்த நாளெல்லாம் பொம்பளைங்க தோண்டியாந்தாத்தான் அடுப்பு எரியும். இதுல ஒரு பொம்பளைய வரையச் சொல்லுங்க.”

டிராயிங் மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே தோண்டுகோலோடு ஒரு பெண்ணை வரைந்து சேர்த்தார். மேசையில் வைக்கப் பொருள் வேண்டும் என்று ஏழுமலையிடம் சொன்னேன். இரண்டு நாளில் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். காட்டுவள்ளிக் கிழங்கு, அல்லிக் கிழங்கு, கோரைக் கிழங்கு, காரைப்பழம், வயல் நண்டு, நத்தை, வறுத்த ஈசல். அவர் மனைவி ஏரிக்கரையில் ஒரு பகல் முழுக்கத் தோண்டியது. ஒவ்வொன்றையும் தட்டில் பரப்பி, சீட்டு எழுதி வைத்தேன். எது பச்சையாகத் தின்னலாம், எது வேகவைக்காவிட்டால் நாக்கை அரிக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மேசைக்கு விளக்கம் சொல்ல ஒன்பதாம் வகுப்பிலிருந்து கஸ்தூரியைத் தேர்ந்தெடுத்தேன். குரல் நன்றாக இருக்கும், தடுமாற மாட்டாள். அவள் ஏழுமலையின் மகள்.

காலையிலிருந்தே அவள் அழகாகப் பேசினாள். ஆதி மனிதன் இவற்றை உண்டான், பிறகு நெருப்பைக் கண்டான், கிழங்கைச் சுட்டான், மெல்லும் நேரம் மிச்சமானது. பதினொரு மணிக்கு வெளியூரிலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்தார். பின்னால் ஆசிரியர்கள், பெற்றோர், பையன்கள் என்று ஒரு கூட்டம். தோண்டுகோல் பிடித்த பெண்ணைப் பார்த்து, இது புதுமாதிரியாக இருக்கிறதே, யார் யோசனை என்றார். நான் சிரித்தேன். சிரித்தால் என்னுடையது என்றுதானே அர்த்தம். இந்தப் பொருளெல்லாம் எங்கே பிடித்தீர்கள் என்று அடுத்துக் கேட்டார். பாராட்டு தலைக்கு ஏறியிருந்தது. தண்ணீர்க் குவளையோடு நின்றிருந்த ஏழுமலையைக் காட்டினேன்.

“இவன் வீட்டில் இன்றைக்கும் இதுதான் சார் சாப்பாடு. பல்லைப் பாருங்கள், ஆதி மனிதனுடைய பல் அப்படியே இருக்கும். ஏழுமலை, வாயைத் திற.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குவளையைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார். நான் பென்சிலால் ஒவ்வொரு பல்லாகக் காட்டி விளக்கினேன். இரண்டு நிமிஷம் இருக்கும். அதிகாரி குனிந்து பார்த்தார், பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், கடைத்தெரு ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார். கஸ்தூரி அதற்கப்புறம் பேசவில்லை. மறந்துவிட்டாள்போல என்று எண்ணி மீதியை நானே சொல்லி முடித்தேன். மேசைக்கு முதல் பரிசு.

மறுவாரம் பையன்கள் கஸ்தூரியைக் கண்டால் வாயை ஆவென்று திறந்து காட்டுவதாகத் தெரிந்தது. இரண்டு பேரைக் கூப்பிட்டு முட்டிபோட வைத்தேன். கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். படத்தைச் சட்டம் போட்டு ஆய்வுக்கூடத்தில் மாட்டியவனும் நான்தான். மூன்று வருஷம் அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைத்தவர் ஏழுமலை.

என் மரமண்டைக்கு அது உறைக்க இரண்டு மாதம் ஆயிற்று. வாரச் சந்தையில் மாட்டுப் பக்கமாக நடந்து போனேன். ஒரு தரகர் காளையின் உதட்டைப் பிரித்துப் பல்லை எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் குனிந்து பார்த்தார். சுற்றிலும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். தரகர் கையில் பென்சில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன், ஏழுமலை என் எதிரில் சிரித்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். முன்பு அப்படிச் செய்ததில்லை. மற்றபடி வேலையில் ஒரு குறை கிடையாது. காலையில் என் நாற்காலியைத் துடைத்து வைப்பார், கேட்டதை எடுத்துத் தருவார். ஆனால் மணி அடித்தபிறகு வந்து எதையும் சொல்வதில்லை. நான் தப்பாகவே நடத்தினாலும் சொல்வதில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். திங்கட்கிழமை கேட்கலாம் என்பேன். திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் பையன்கள் இருப்பார்கள். நாலு பேருக்கு முன்னால் கேட்டால் என் மரியாதை என்ன ஆகும் என்று யோசித்தேன். அவருடைய மரியாதையை நாலு பேருக்கு முன்னால்தான் பறித்தேன் என்பது அப்போது தோன்றவில்லை. மாற்றல் உத்தரவு வந்த நாளில்தான் படத்தைக் கழற்றி என் பெட்டியின் அடியில் போட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தப் பெட்டியைத் தூக்கி வந்தவரும் அவர்தான். பஸ் கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

கார்டில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். காரியம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கஸ்தூரி இப்போது ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறாள். வாங்க சார் என்றாள், நாற்காலி எடுத்துப் போட்டாள், சாப்பிடச் சொன்னாள். அவள் அம்மா உள்ளே படுத்திருந்தார். நான் உட்காராமல், அன்றைக்குப் பொருட்காட்சியில் நான் செய்தது பெரிய தப்பு என்று ஆரம்பித்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த மீதி வரவில்லை.

“அன்னிக்கி வூட்டுக்கு வந்ததும் நைனாகிட்ட சண்ட போட்டேன் சார். இன்னாத்துக்கு வாய தொறந்த, முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானன்னு கேட்டேன். ‘அத்தினி பேருக்கு முன்னால சாரு கேட்டுட்டாரு. நான் தொறக்கலன்னா அவருக்குத் தலைகுனிவாப் பூடும்’னாரு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன்.

“அத நீங்க நைனாகிட்ட சொல்லியிருக்கணும் சார்” என்றாள். குரலில் கோபம் இல்லை. உள்ளே போய் எனக்கு இலை போட்டாள்.

சாப்பிட்டேன்.

போனவரிடமிருந்து நமக்கென்று மிஞ்சுவது என்ன என்று கடைசியில் எழுத வேண்டும். வாயைத் திறப்பதற்கு முன் ஏழுமலை என்னை ஒரு தடவை பார்த்தார் என்றேன் அல்லவா. வேண்டாம் சார் என்று அந்தப் பார்வை கெஞ்சியதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது கெஞ்சல் இல்லை என்று கஸ்தூரி சொல்லித்தான் தெரிந்தது, அந்த நேரத்திலும் அவர் யோசித்தது என் மானத்தைப் பற்றி. அந்தப் பார்வை என்னிடம் இருக்கிறது. அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் என்னிடமே இருக்கிறது.